மில்லியன் டாலர் கையும் எட்டாயிரம் டாலர் ஒப்பந்தமும்

தமிழ்நாட்டில் பேஸ்பால் மட்டையைப் பார்க்காதவர் யாரும் இருக்க முடியாது. ஆனால் பேஸ்பால் ஆட்டத்தைப் பார்த்தவர்கள் ரொம்பக் குறைவு. காரணம் சினிமா. வில்லனின் அடியாட்கள் சுமோவில் இருந்து இறங்கும்போது கையில் பிடித்திருப்பார்களே, அந்த உருட்டுக்கட்டைதான் நமக்குத் தெரிந்த பேஸ்பால். அதை வைத்து ஒரு பந்தை அடிப்பார்கள், அந்தப் பந்தை வீச ஒருவர் இருப்பார், அப்படி வீசுகிறவருக்கு அமெரிக்காவில் வருஷத்துக்குக் கோடிக்கணக்கில் சம்பளம் கொடுப்பார்கள் என்பதெல்லாம் கம்மாபுரம் கடைத்தெருவில் போய்ச் சொன்னால் ‘அப்படியா’ என்று கேட்டுவிட்டு டீயைக் குடிப்பார்கள்.

ஆனால் வீசுவது நமக்குப் புதிதில்லை. விருத்தாசலத்தைச் சுற்றியிருக்கும் முந்திரித் தோப்புகளிலும் மாந்தோப்புகளிலும் வளர்ந்த எந்தப் பையனும் கல்லெறிந்து பழகியவன்தான். குறி வைத்து ஒரே எறியில் காம்போடு மாங்காயை விழ வைக்கிறவனுக்குத் தெருவில் தனி மரியாதை உண்டு. அந்தக் கைக்கு ஒரு விலை இருக்கிறது என்று யாராவது வந்து சொன்னால் எப்படி இருக்கும்?

2007ம் வருஷக் கடைசியில் அப்படி ஒருவர் இந்தியாவுக்கு வந்தார். அவர் பெயர் ஜே.பி. பெர்ன்ஸ்டைன், அமெரிக்காவில் விளையாட்டு வீரர்களுக்கு ஏஜென்ட். கூட்டாளிகள் ஆஷ் வாசுதேவன், வில் சாங். இந்தியாவில் நூறு கோடிப் பேர் இருக்கிறார்கள், எல்லோரும் கிரிக்கெட் பார்க்கிறார்கள், இவர்களில் மணிக்குத் தொண்ணூறு மைல் வேகத்தில் பந்தெறியக்கூடிய ஒரு கைகூடவா இருக்காது? இதுதான் அவர்கள் கணக்கு. ‘மில்லியன் டாலர் ஆர்ம்’ என்று ஒரு போட்டி வைத்தார்கள். ஊர் ஊராகப் போய் வேகத்தை அளக்கும் ரேடார் கருவியை வைத்துக்கொண்டு வருகிறவர்களை எல்லாம் எறியச் சொன்னார்கள். 37,000 பேருக்கு மேல் வந்து எறிந்தார்கள்.

இங்கே ஒரு வேடிக்கை. தேடி வந்தது கிரிக்கெட் பவுலரை. கிடைத்தது ஈட்டி எறிகிறவர்களை. யோசித்துப் பார்த்தால் இதில் ஆச்சரியம் இல்லை. கிரிக்கெட்டில் முழங்கையை மடக்கி நீட்டி எறிந்தால் நோபால் (15 டிகிரி வரைதான் சலுகை). சின்ன வயசிலிருந்தே கையை நேராக வைத்துச் சுழற்றப் பழகியவனுக்கு பேஸ்பால் எறி வராது. ஈட்டி எறிகிறவனுக்கோ கை தோளுக்குப் பின்னால் போய், முழங்கை முன்னால் வந்து, முன்கால் தரையில் ஊன்றி நின்று, கடைசியில் சாட்டை மாதிரி மணிக்கட்டு வர வேண்டும். ஈட்டி 800 கிராம். பேஸ்பால் 142 முதல் 149 கிராம், கிரிக்கெட் பந்தைவிடக் கொஞ்சம் குறைவு.

மும்பையில் 2008 மார்ச்சில் நடந்த இறுதிப் போட்டியில் முதலாவதாக வந்தவர் ரிங்கு சிங். இரண்டாவதாக வந்தவர் தினேஷ் படேல். ரெண்டு பேரும் உத்தரப் பிரதேசம், ரெண்டு பேரும் லக்னோவில் உள்ள குரு கோவிந்த் சிங் ஸ்போர்ட்ஸ் காலேஜில் ஈட்டி எறிந்து பழகியவர்கள். ரிங்கு பதோஹி பக்கம், லாரி டிரைவரின் மகன், வீட்டில் ஒன்பது பிள்ளைகள். தினேஷ் வாரணாசியை அடுத்த ஒரு கிராமம், 1989 மே மாதம் பிறந்தவர். ரிங்கு இடது கை, தினேஷ் வலது கை. ரிங்குவுக்கு ஒரு லட்சம் டாலர் பரிசு. அப்போது டாலர் நாற்பது ரூபாய், ஆக நாற்பது லட்சம். தலைப்பில் இருந்த அந்த மில்லியன் டாலர்? அதற்கு ரிங்கு தனியாக எறிந்து காட்ட வேண்டியிருந்தது. முடியவில்லை. அது யாருக்கும் போகவில்லை.

முதலாவதாக வந்தவரைப் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். இந்தக் கட்டுரை இரண்டாவதாக வந்தவரைப் பற்றியது. இந்தியாவிலிருந்து அமெரிக்கா போய்க் காசுக்கு பேஸ்பால் ஆடிய முதல் இரண்டு பேரில் ஒருவர் அவர். ஆடியது மொத்தம் இரண்டே சீசன்.

2008 மே மாதம் இருவரும் லாஸ் ஏஞ்சல்ஸ் போய் இறங்கினார்கள். ஆங்கிலம் தெரியாது. பேஸ்பால் ஆட்டத்தை ஒரு தடவைகூட முழுசாகப் பார்த்ததில்லை. கையில் மாட்டும் அந்தப் பெரிய தோல் உறையை எந்தக் கையில் மாட்டுவது என்பதிலிருந்தே பாடம் ஆரம்பம். (எறியாத கையில் என்பதுதான் விடை. கிரிக்கெட்டில் வெறுங்கையில் பிடித்தவனுக்கு இது என்ன கொடுமை என்றுதான் தோன்றும்.)

பாடம் சொல்லிக்கொடுத்தவர் டாம் ஹவுஸ். இவரைப் பற்றி ஒரு வார்த்தை. ஒரு காலத்தில் இவரும் பந்தெறிந்தவர்தான். ஆனால் எறிந்ததைவிடப் பிடித்த ஒரு பந்துக்காக இவரைச் சொல்வார்கள். 1974 ஏப்ரல் 8ம் தேதி ஹாங்க் ஆரன் தன் 715வது ஹோம் ரன்னை அடித்து பேப் ரூத்தின் சாதனையை முறியடித்தபோது, வேலிக்கு அந்தப் பக்கம் போய் விழுந்த பந்தைப் பிடித்தது அங்கே நின்றிருந்த டாம் ஹவுஸ். பிறகு மனோதத்துவத்தில் டாக்டர் பட்டம் வாங்கி, நோலன் ரயன் மாதிரி ஜாம்பவான்களுக்குப் பயிற்சி கொடுத்தவர். பந்து எறிவதை ஒரு விஞ்ஞானமாகவே பார்க்கிறவர். சதர்ன் கலிஃபோர்னியா பல்கலைக்கழக மைதானத்தில் இந்த இருவரையும் வைத்துப் பயிற்சி நடந்தது.

ஆறு மாதம். அவ்வளவுதான் அவகாசம்!

இந்த ஆறு மாதத்தில் என்ன கற்க வேண்டும் என்று கொஞ்சம் பாருங்கள். பிச்சர் நிற்கும் மண்மேட்டுக்கும் அடிக்கிறவன் நிற்கும் தட்டுக்கும் நடுவே தூரம் அறுபது அடி ஆறு அங்குலம், கிரிக்கெட் பிட்ச்சை விடக் குறைவு. ஓடி வந்து எறிய முடியாது, நின்ற இடத்திலிருந்து ஒரு எட்டு வைத்து எறிய வேண்டும். பந்து தரையில் குத்தக்கூடாது. தட்டின் அகலம் 17 அங்குலம். அதற்கு மேலே, அடிக்கிறவனின் முழங்காலுக்கு மேல், நெஞ்சுக்குக் கீழ் ஒரு கண்ணுக்குத் தெரியாத ஜன்னல். பந்து அதற்குள் போனால் ஸ்டிரைக், மூன்று ஸ்டிரைக் ஆனால் ஆள் அவுட். வெளியே போய் அவன் அடிக்காமல் விட்டால் பால், நான்கு பால் ஆனால் அவனுக்கு இலவசமாக முதல் பேஸ். தொண்ணூறு மைல் என்றால் மணிக்கு 145 கிலோமீட்டர். அந்த வேகத்தில் பந்து போய்ச் சேர ஏறக்குறைய 0.4 விநாடி.

சரி, வேகமாக எறிந்துவிட்டால் போதுமா என்றால் போதாது. அங்கே பள்ளிக்கூடப் பையன்கள்கூட வேகத்துக்குப் பழகிவிட்டவர்கள். ஒரே வேகத்தில் ஒரே மாதிரி வந்தால் மூன்றாவது பந்தை வேலிக்கு வெளியே அனுப்பிவிடுவார்கள். வளைந்து விழும் பந்து வேண்டும். அதே கைவீச்சில் மெதுவாக வரும் பந்து வேண்டும். முதல் பேஸில் ஒருவன் நின்றால் அவன் திருட்டுத்தனமாக இரண்டாவதுக்கு ஓடிவிடாமல் ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே எறிய வேண்டும். மட்டையைச் சும்மா காட்டி மெல்லத் தட்டிவிட்டால் ஓடி வந்து எடுத்து எந்த பேஸுக்கு எறிவது என்று அரை விநாடியில் முடிவு செய்ய வேண்டும். இதெல்லாம் அமெரிக்கப் பையன் எட்டு வயசில் ஆரம்பித்துப் பதினெட்டு வயசில் முடிக்கும் படிப்பு. நம் ஊர் செராமிக் வேலை பார்க்கிறவர்களைக் கேட்டால் சொல்வார்கள், அச்சில் வார்த்து எடுத்த பொம்மையை ஈரம் முழுசாகக் காயாமல் சூளையில் வைத்தால் உள்ளேயே வெடித்துவிடும் என்று. களிமண்ணில் குறை இருந்து வெடிப்பதில்லை. காய விடவில்லை, அவ்வளவுதான்.

2008 நவம்பரில் அரிசோனா மாநிலம் டெம்பியில் மேஜர் லீக் அணிகளின் ஸ்கவுட்டுகளைக் கூப்பிட்டுக் காட்டினார்கள். முதல் முறை சரியாகப் போகவில்லை. பதற்றத்தில் பந்து தாறுமாறாகப் போனது. மறுபடியும் ஒரு வாய்ப்பு வாங்கி எறிந்தபோது வேகம் தொண்ணூறை ஒட்டி வந்தது. நவம்பர் 24ம் தேதி பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் அணி இருவரையும் ஒப்பந்தம் செய்தது. கையெழுத்துப் போட்டதற்கு ஆளுக்கு 8,000 டாலர் என்று செய்திகள் வந்தன. அப்போது டாலர் ஐம்பது ரூபாய்க்கு வந்திருந்தது. ஆக நான்கு லட்சம்.

இந்த இடத்தில் கணக்குப் புத்தகத்தைத் திறக்காமல் போனால் பி.காம். படித்ததற்கு அர்த்தம் இல்லை.

பைரேட்ஸ் அணி அந்த வருஷத்தோடு தொடர்ந்து பதினாறு சீசன் ஜெயித்ததைவிடத் தோற்றது அதிகம் என்ற நிலையில் இருந்தது. அதாவது 1993ல் தொடங்கிய நஷ்டக் கணக்கு. இழக்க ஒன்றுமில்லாத கம்பெனி. அப்படிப்பட்ட கம்பெனிக்கு இரண்டு பேருக்கும் சேர்த்து 16,000 டாலர் என்பது ஒரு லாட்டரிச் சீட்டு வாங்குகிற செலவு. விழுந்தால் இந்தியா என்ற சந்தை. விழாவிட்டால் கிழித்துப் போட்டுவிடலாம். அடுத்த வருஷமே, 2009ல், ஸ்டீபன் ஸ்ட்ராஸ்பர்க் என்ற கல்லூரிப் பிச்சருக்கு வாஷிங்டன் நேஷனல்ஸ் அணி கொடுத்த ஒப்பந்தம் 1 கோடியே 51 லட்சம் டாலர். எட்டாயிரத்தைப் போல் கிட்டத்தட்ட 1,890 மடங்கு! இரண்டுமே கைக்குக் கொடுத்த விலைதான். ஒன்றில் அணி ஒரு பெரிய சொத்தை வாங்குகிறது, அது வீணாகப் போக விடாது, அடிபட்டால் காத்திருக்கும், சரியாக ஆடாவிட்டாலும் இன்னொரு வருஷம் பார்க்கும். மற்றதில் வாங்கியது ஒரு ‘பார்க்கலாம்’. எட்டாயிரம் போட்டவனுக்குக் காத்திருக்க வேண்டிய அவசியம் இல்லை. விலை குறைவாக இருப்பதில் உள்ள ஆபத்து இதுதான், பொறுமையும் அதே அளவுக்குத்தான் கிடைக்கும்.

ஒப்பந்தம் ஆனதுமே ஏதோ பிட்ஸ்பர்க் மைதானத்தில் நாற்பதாயிரம் பேர் கைதட்ட எறியப் போகிறார்கள் என்றுதான் இங்கே பலர் நினைத்தார்கள். அப்படி இல்லை. மேஜர் லீக் என்பது உச்சிப் படி. பைரேட்ஸ் நிர்வாகத்தில் அப்போது அதற்குக் கீழே ஆறு படிகள். அடிப்படியின் பெயர் கல்ஃப் கோஸ்ட் லீக் (2021ல் ஃபுளோரிடா காம்ப்ளெக்ஸ் லீக் என்று பெயர் மாறியது). ஃபுளோரிடாவில் பிராடன்டன் என்ற ஊரில் பைரேட்ஸுக்கு ஒரு பயிற்சி வளாகம். அங்கேயே தங்கி, அங்கேயே சாப்பிட்டு, மத்தியான வெயிலில் ஆட வேண்டும். டிக்கெட் கிடையாது, ஏனென்றால் பார்க்க வருகிறவர்கள் பெரும்பாலும் ஸ்கவுட்டுகளும் வீரர்களின் வீட்டுக்காரர்களும்தான். நம் ஊரில் சித்திரை வெயிலில் நடக்கும் வட்டார அளவிலான டோர்னமெண்ட்டுக்குக்கூட இதைவிடக் கூட்டம் வரும்.

சம்பளமும் பெரிதாக இல்லை. அந்தக் காலத்தில் அடிப்படியில் மாதம் சுமார் 1,100 டாலர், அதுவும் சீசன் நடக்கும் மாதங்களுக்கு மட்டும். பயிற்சி முகாமுக்குச் சம்பளம் கிடையாது. இதை எதிர்த்து மைனர் லீக் வீரர்கள் 2014ல் வழக்குப் போட்டார்கள். 2022ல் 18 கோடியே 50 லட்சம் டாலருக்குச் சமரசம் ஆனது. அடுத்த வருஷம் யூனியன் வழியாகப் புது ஒப்பந்தம் வந்து, அடிப்படி வீரரின் வருஷச் சம்பளம் 4,800 டாலரிலிருந்து 19,800 ஆனது. தினேஷ் ஆடிய காலத்துக்குப் பத்து வருஷத்துக்கு மேல் தாமதமாக.

2009 ஜூலை 4, அமெரிக்காவின் சுதந்திர தினம். அன்றைக்குத்தான் இந்தியர்கள் இருவரும் முதல்முறையாகத் தொழில்முறை ஆட்டத்தில் இறங்கினார்கள். பேஸ்பாலை முதன்முதலில் தொட்டு ஒன்றரை வருஷம்கூட ஆகியிருக்காது. ஜூலை 13ம் தேதி ரிங்கு ஒரு ஆட்டத்தில் வெற்றி பெற்ற பிச்சராகப் பதிவானார். அப்படிப் பதிவான முதல் இந்தியர். பத்திரிகைகளில் வந்தது. அந்த சீசன் முடிவதற்குள் தினேஷ் பெயரிலும் ஒரு வெற்றி ஏறியது. இரண்டாவது ஆளுக்கு யார் தலைப்புப் போடுவார்கள்?

ஆனால் அந்த முதல் சீசனின் எண்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒரு விஷயம் கண்ணில் படும். பிச்சரை அளக்க பேஸ்பாலில் ஈ.ஆர்.ஏ. என்று ஒரு கணக்கு உண்டு. ஒன்பது இன்னிங்ஸுக்கு, அதாவது ஒரு முழு ஆட்டத்துக்கு, அவர் தன் தப்பால் எத்தனை ரன் கொடுக்கிறார் என்கிற சராசரி. குறைவாக இருந்தால் நல்லது. மூன்றுக்குக் கீழே இருந்தால் ரொம்ப நல்லது. 2009ல் ரிங்குவின் ஈ.ஆர்.ஏ. 5.84. தினேஷுடையது 1.42!

உடனே குதிக்க வேண்டாம். தினேஷ் எறிந்தது ஆறு ஆட்டத்தில், கொஞ்ச இன்னிங்ஸ்தான். அவ்வளவு சின்ன சாம்பிளை வைத்து எந்தப் புள்ளிவிவர ஆசிரியரும் முடிவு சொல்ல விடமாட்டார். ஆனாலும் அந்த எண் பொய்யில்லை. ஒன்றரை வருஷத்துக்கு முன்னால் பேஸ்பால் என்றால் என்ன என்றே தெரியாத ஒரு பையன், அதற்காகவே வளர்க்கப்பட்ட அமெரிக்க, டொமினிக்கன் பையன்களுக்கு எதிரில் நின்று அவர்களை ரன் எடுக்க விடவில்லை. அந்த ஒரு கோடைக்காலத்தில் இரண்டாவது இடத்துக்காரர் முதலிடத்துக்காரரைவிட நன்றாகவே எறிந்தார்.

இருவரும் அப்போது வலைப்பதிவு ஒன்று எழுதிக்கொண்டிருந்தார்கள் என்பது நம்மைப் போன்றவர்களுக்கு ஒரு சந்தோஷமான செய்தி. புதிதாகக் கற்ற ஆங்கிலத்தில், இலக்கணத்தைப் பற்றிக் கவலையே படாமல், இன்றைக்கு என்ன சாப்பிட்டோம், ‘ஜே.பி. சார்’ என்ன சொன்னார், எத்தனை மைல் வேகம் வந்தது என்றெல்லாம் எழுதுவார்கள். அமெரிக்க பேஸ்பால் ரசிகர்கள் தேடி வந்து படித்தார்கள். பிழையில்லாமல் எழுதுகிற ஆயிரம் பேரை விட்டுவிட்டு இவர்களைப் படித்தார்கள் என்றால் காரணம், அதில் பாசாங்கு இல்லை.

2010ல் கணக்கு தலைகீழாகப் போனது. அதே கல்ஃப் கோஸ்ட் லீக், அதே அடிப்படி. தினேஷின் ஈ.ஆர்.ஏ. எட்டைத் தாண்டியது. இதுவும் கொஞ்ச இன்னிங்ஸ்தான். போன வருஷத்து 1.42ஐ நம்பக்கூடாது என்றால் இந்த வருஷத்து எட்டையும் அதே காரணத்துக்காக நம்பக்கூடாது அல்லவா? புள்ளிவிவரப் பாடத்தில் அப்படித்தான் சொல்லிக்கொடுப்பார்கள். ஆனால் அணி நடத்துகிறவர்கள் அப்படிப் பார்ப்பதில்லை. இரண்டு சீசனாக அடிப்படியிலேயே நிற்கிறான், வயசு இருபத்தொன்று ஆகிவிட்டது, அடுத்த ஜூனில் டிராஃப்ட் வழியாகப் பதினெட்டு வயசுப் பையன்கள் வந்து இறங்குவார்கள். படுக்கை எண்ணிக்கை குறைவு. 2010 டிசம்பரில் பைரேட்ஸ் தினேஷ் படேலை விடுவித்தது.

‘விடுவித்தது’ என்பது அந்தத் தொழிலில் உள்ள நாகரிகமான சொல். வேலையை விட்டு அனுப்பினார்கள் என்று அர்த்தம்.

பைரேட்ஸ் செய்தது அநியாயம் என்று சொல்ல முடியுமா? கஷ்டம்தான். மைனர் லீக்கில் சேருகிற நூறு பேரில் மிகச் சிலரே மேஜர் லீக்கைத் தொடுகிறார்கள். மற்றவர்களுக்கும் இதே டிசம்பர்தான், இதே கடிதம்தான். கேள்வி அது இல்லை. ஊருக்குத் திரும்பும் அமெரிக்கப் பையனுக்கு அங்கே பேஸ்பால் இருக்கிறது. பள்ளிக்கூடத்தில் கோச் ஆகலாம், கல்லூரிக்குப் போகலாம், சின்ன லீக்குகளில் ஆடலாம். தினேஷ் திரும்பி வந்த இடத்தில் அந்த ஆட்டமே இல்லை. நம் நாட்டில் பல்கலைக்கழகங்களுக்கு இடையே பேஸ்பால் போட்டி நடக்கத்தான் செய்கிறது, ஆனால் அதை வைத்துப் பிழைக்க முடியாது. போட்டி நடத்தியவர்கள் கையைத் தேடி வந்தார்கள், கைக்குப் பின்னால் ஒரு மைதானத்தையும் சேர்த்துக் கொண்டுவரவில்லை.

அவர் மறுபடியும் ஈட்டிக்குப் போனார். ஆனால் பதினெட்டிலிருந்து இருபத்தொன்று வரை ஈட்டி எறிகிறவனுக்கு மிக முக்கியமான வருஷங்கள். அந்த வருஷங்களில் அவர் கை 145 கிராம் பந்துக்கு ஏற்ற மாதிரி மாற்றப்பட்டுக்கொண்டிருந்தது. அவரை விடுவிப்பதற்கு இரண்டு மாதம் முன்னால், 2010 அக்டோபரில், டெல்லியில் காமன்வெல்த் போட்டி. அதில் ஆண்கள் ஈட்டி எறிதலில் காசிநாத் நாயக் வெண்கலம் வாங்கினார். அப்போது அதை யாரும் பெரிதாகக் கொண்டாடவில்லை. 2021ல் டோக்கியோவில் நீரஜ் சோப்ரா 87.58 மீட்டர் எறிந்து தங்கம் வாங்கிய பிறகுதான் இந்த நாட்டுக்கு ஈட்டி என்று ஒன்று இருப்பதே தெரிய வந்தது. 2008ல் லக்னோவில் ஈட்டி எறிந்துகொண்டிருந்த ஒரு ஏழைப் பையனுக்கு அந்த ஈட்டியில் எதிர்காலம் எதுவும் தெரிந்திருக்காது. ரேடார் கருவியோடு வந்தவன் பின்னால் போனது தப்பு என்று இன்றைக்கு உட்கார்ந்துகொண்டு சொல்வது சுலபம்.

ரிங்கு இன்னும் கொஞ்ச தூரம் போனார். 2012ல் வெஸ்ட் வர்ஜினியா பவர் என்ற அணிக்காக, அடியிலிருந்து மூன்றாவது படியில், 39 ஆட்டங்களில் எறிந்து ஈ.ஆர்.ஏ. 3.00 எடுத்தார். உண்மையிலேயே நல்ல எண் அது. மேலே போவார் என்று எதிர்பார்த்த நேரத்தில் முழங்கை போய்விட்டது, அறுவை சிகிச்சை, திரும்பத் திரும்பக் காயம். கடைசியில் 2018ல் மல்யுத்தக் கம்பெனியான டபிள்யூ.டபிள்யூ.இ.யில் சேர்ந்து, வீர் மஹான் என்ற பெயரில் டி.வி.யில் சில வருஷம் உறுமினார். பார்த்திருப்பீர்கள்.

2014ல் டிஸ்னி இந்தக் கதையைப் படமாக எடுத்தது. பெயர் ‘மில்லியன் டாலர் ஆர்ம்’ தான். இசை நம்ம ஏ.ஆர். ரகுமான். தினேஷாக நடித்தவர் மதுர் மித்தல், ‘ஸ்லம்டாக் மில்லியனர்’ படத்தில் அண்ணன் சலீமாக வருவாரே, அவர். படம் பார்க்க நன்றாகவே இருக்கும். ஆனால் அது ஏஜென்ட்டின் கதை. பணமும் தொழிலும் என்று அலைந்த ஒரு அமெரிக்கர் இரண்டு இந்தியப் பையன்களால் மனுஷனாக மாறுகிறார் என்பதுதான் திரைக்கதை. பைரேட்ஸ் கையெழுத்து வாங்குவதோடு சுபம் போட்டுவிடுவார்கள். பிராடன்டன் வெயில், ஆறு ஆட்டம், 1.42, எட்டு, டிசம்பர் எதுவும் அதில் வராது. வந்தால் டிக்கெட் விற்காது என்பதும் புரிகிறது.

மறுபடியும் கணக்குப் புத்தகம். ஏஜென்ட்டுக்கு ஒரு புத்தகமும் ஒரு சினிமாவும் கிடைத்தது. அணிக்கு 16,000 டாலர் செலவில் இந்தியா முழுக்கப் பெயர் அடிபட்டது, அந்த விலைக்கு ஒரு நாள் பத்திரிகை விளம்பரம்கூடக் கிடைக்காது. தினேஷுக்கு நான்கு லட்சம் ரூபாய், இரண்டு கோடைக்காலச் சம்பளம், ஒரு அந்நிய மொழி, உலகத்தின் அந்தப் பக்கத்தைப் பார்த்த அனுபவம். இதை நஷ்டம் என்று எழுதுவதா லாபம் என்று எழுதுவதா என்று வெளியிலிருந்து யாரும் சொல்ல முடியாது. ஆனால் போட்டிக்கு வைத்த பெயரில் இருந்த தொகையையும் அவர் ஒப்பந்தத்தில் இருந்த தொகையையும் அடுத்தடுத்த வரியில் எழுதிப் பார்த்தால், ஒன்றில் ஏழு இலக்கம், ஒன்றில் நான்கு.

அந்தப் படம் டி.வி.யில் எப்போதாவது வந்தால் கடைசியில் பெயர்கள் ஓட ஆரம்பித்ததும் எழுந்து போய்விடாதீர்கள். அப்போதுதான் நிஜமாக எடுத்த காட்சிகளைக் காட்டுவார்கள். நடிகர்கள் இல்லாமல் நிஜ ரிங்குவும் நிஜ தினேஷும் அதில் வருவார்கள். வலது கையால் எறிகிறவர்தான் தினேஷ்.